நாத்தனார் போட்ட முடிச்சு

"விடுடி... விடுடீ என்னை! சாவடிக்கப் பாக்கறியா?"

பூவரசனின் அலறல் கொல்லையைத் தாண்டித் தெரு வரைக்கும் போனது. பொழுது இன்னும் சரியாகப் புலரவில்லை. ஒலக்கூர் பக்கத்து அந்தச் சின்ன ஊரில் பால்காரன்கூட இன்னும் சைக்கிளை எடுக்கவில்லை. ஆனால் பாஞ்சாலி வீட்டில் கூச்சல் ஆரம்பித்துவிட்டது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அது பழகிப்போன கூச்சல்தான். பழகாதவள் ஒருத்தி மட்டும் அன்று அந்த வீட்டில் இருந்தாள். அவள் பூவரசனின் அக்கா புனிதா. முந்தின நாள் சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து வந்து நடுவீட்டில் படுத்திருந்தாள்.

பாஞ்சாலி காலை விடவில்லை. வேர்க்கடலையோடு பிடுங்கிக் காயப்போட்ட மல்லாட்டைச் செடிக்குப் பக்கத்தில் பாயில் மல்லாந்து கிடந்தான் அவள் புருஷன். அவனுடைய வலது குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முழங்கால் மடங்காமல் நீட்டி, மெதுவாக மேலே தூக்கிக்கொண்டிருந்தாள். ராத்திரியெல்லாம் அந்தக் கால்கள் மரக்கட்டையாக விறைத்துப்போகும். காலையில் நிதானமாக இழுத்து இளக்காவிட்டால் அன்று பூராவும் மடங்காது.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க... இதோ ஆச்சு... மூச்ச வுடுங்க..."

"இன்னாத்தடி பொறுக்கிறது? உன் கால இப்படி முறுக்கினா தெரியும் உனக்கு!"

சடாரென்று அந்தக் கால் துள்ளியது. குதிகால் நேராக அவள் வாயில் வந்து இறங்கியது. உதடு கிழிந்து, ரத்தம் மோவாயில் வழிந்தது. பாஞ்சாலி பின்னால் சாய்ந்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். திரும்ப நகர்ந்து வந்து காலைப் பிடித்தாள்.

அந்தக் கால்கள் அப்படித்தான். அவன் சொல்லாமலே உதைக்கும். சில நாள் அவன் சொல்லியும் உதைக்கும். எந்த உதை காலுடையது, எந்த உதை புருஷனுடையது என்று பிரித்துப் பார்ப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். ரவிக்கைக் கைக்கு மேலே, தோளிலும் மார்பிலும் இருந்த கன்றிப்போன தடங்களுக்குப் பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

பூவரசன் நெல் அறுவடை மெஷின் ஓட்டியவன். இந்தச் சுற்று வட்டாரத்தில் அவனைப்போல வரப்பை ஒட்டி மெஷினைத் திருப்ப ஆள் கிடையாது. ஒரு அறுவடையில், உச்சி வெயிலில், பிரேக்கில் வைத்த கால் வேலை செய்யவில்லை. மெஷின் போய்க் கிணற்று மேட்டில் முட்டி நின்றது. குடித்துவிட்டு ஓட்டுகிறான் என்றது ஊர். அப்புறம் ஒரு கண் மங்கியது, தெளிந்தது. அப்புறம் இரண்டு கால்களும் தடுமாறின. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் டாக்டர்.

"ஒயர் மேல இருக்கிற ரப்பர் அங்கங்க உரிஞ்சி போனா கரண்ட் ஒழுங்காப் போவுமா? உங்க நரம்பும் இப்ப அப்படித்தான் இருக்குது" என்று புரியும்படி சொன்னார். நோய் வேகமாக ஓடாமல் பிடித்து வைக்க மருந்து. கையும் காலும் கெட்டுப்போகாமல் காக்கப் பிசியோதெரபி. அதற்கு விழுப்புரத்தில் ஜெசிந்தா மேடத்திடம் அனுப்பினார்கள்.

பாஞ்சாலி திண்டிவனம் பக்கத்துக் கம்பெனி வேலையை விட்டாள். ஜெசிந்தா சொல்லிக்கொடுத்ததை எல்லாம் கையால் கற்றுக்கொண்டாள். "இது குணமாக்கற வித்தை இல்ல பாஞ்சாலி. இருக்கிற பலத்தக் காப்பாத்தற வேலை. காலைல குளிர்ச்சியா இருக்கும்போது பண்ணணும். களைச்சுப் போறதுக்கு முன்னாடி நிறுத்தணும். சூடு மட்டும் ஆவவே ஆவாது, உடம்பு சூடேறினா இருக்கிற கரண்டும் நின்னுடும்" என்று ஜெசிந்தா சொன்னதை அவள் ஒரு நாளும் மறந்ததில்லை.

ஆனால் பூவரசன் தினம் தினம் ஒரு கேள்வி கேட்பான்.

"இத்த பண்ணா நான் பழையபடி எழுந்து நடப்பனா? மெஷின் ஓட்டுவனா? சொல்லுடி!"

"தெரியாதுங்க" என்பாள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு வினையாக வந்தது!

கால் இளகியதும் அவனை எழுப்பினாள். நடக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்ள ஜெசிந்தா கொடுத்த பெல்ட்டின் இரும்புக் கொக்கி அவன் இடுப்பில் குத்தி முன்னமே புண்ணாக்கியிருந்தது. அங்கே உணர்ச்சி இல்லாததால் புண் ஆனதே அவனுக்குத் தெரியவில்லை. அகலமான துணியை மடித்துக் கட்டச் சொன்னாள் ஜெசிந்தா. பாஞ்சாலி நூல் புடவைகள் கட்டிப் பார்த்தாள், கிழிந்தன. கடைசியில் பெட்டியின் அடியில் இருந்த கூறைப்புடவைதான் தாங்கியது. கல்யாணத்துக்குப் புனிதா ஆசை ஆசையாக எடுத்துக் கொடுத்த அரக்குச் சிவப்புப் பட்டு.

அதைப் பட்டையாக மடித்து அவன் இடுப்பில் கட்டி, முனையைக் கையில் சுற்றிக்கொண்டு, "வலது கால்... ம்... எடுத்து வைங்க... குதிகால் மொதல்ல" என்று அவள் பின்னால் நகர, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அடியெடுத்து வைத்தான்.

கொல்லைக் கதவு திறந்தது. புனிதா நின்றாள்.

அவள் கண்ணில் பட்டது என்ன? தன் தம்பி அழுகிறான். தான் வாங்கிக் கொடுத்த கூறைப்புடவை அவன் இடுப்பில் கயிறாகக் கிடக்கிறது. அவன் கைச்சதையில் விரல் விரலாக நீலத் தடங்கள். மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறாள் அவன் பெண்டாட்டி!

"அடிப்பாவி! ஊரே சொல்லுச்சேடீ... புருஷன மாடு மாதிரி கட்டி ஓட்டறான்னு! நான் நம்பலையேடீ!"

பாய்ந்து வந்து பாஞ்சாலியின் கொண்டையைப் பிடித்து உலுக்கினாள். முதுகில் அறைந்தாள். காதில் அறைந்தாள். பாஞ்சாலி புடவை முனையை விடவில்லை. விட்டால் அவன் விழுவான். அடி மேல் அடி வாங்கிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக அவனைத் தாழ்த்திப் பாயில் உட்கார வைத்தாள். அதற்கப்புறம்தான் கையை எடுத்தாள்.

"அண்ணி... நான் சொல்றத ஒரு நிமிசம் கேளுங்க அண்ணி! இது நடக்கிற பயிற்சி. மேடம் சொல்லித்தான்..."

"எந்த மேடம்டீ கட்டி இழுக்கச் சொன்னா? ஒரு புள்ளையப் பெத்துக் குடுக்க வக்கில்ல, இருக்கிற புருஷனையும் கொல்லப் பாக்கறியா?" புனிதாவின் கை பாஞ்சாலியின் கழுத்துக்குப் போனது. "இந்தத் தாலியில என் தம்பி போட்டது ஒரு முடிச்சு. நாத்தனாரா நான் போட்டது ரெண்டு. நான் போட்டத நானே அவுக்கறேன்... குடுடீ!"

தாலிக்கயிறு கழுத்தை அறுத்தது. பாஞ்சாலி இரண்டு கைகளாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"அத்த மட்டும் தொடாதீங்க அண்ணி! உங்க காலப் புடிச்சிக்கறேன்! ஏங்க... நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!"

வாசலில் கார் சத்தம் கேட்டது. புனிதாவின் புருஷன் அரங்கநாதன், திண்டிவனத்தில் அரிசி வியாபாரி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்கு வந்தான். மச்சானைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகவே அக்காளும் மாமனும் பேசி வைத்திருந்தார்கள். கிளியனூரில் யாரோ ஒருவர் வாதத்தில் கிடந்தாராம். நொச்சித்தழை ஆவியில் வேது பிடித்து எழுந்து நடந்தாராம். அரங்கநாதனுக்கு அது போதும்.

"டேய் தம்பி" என்று புனிதா பூவரசனின் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். "என்னைப் பாத்துச் சொல்லு. உன்ன அடிக்கிறாளா இவ?"

பூவரசன் பாஞ்சாலியைப் பார்த்தான். கிழிந்த உதட்டைப் பார்த்தான். ஒரு 'இல்லை' சொல்லியிருந்தால் போதும். சொன்னானா?

"தினம் சித்திரவதைக்கா" என்றான். "தினம் பொழுது விடிஞ்சா வலி... நடப்பேன்னு ஒரு வார்த்தை இவ வாயில வருதா? தெரியாதுங்க, தெரியாதுங்கன்னு... நீயாச்சும் நடப்பேன்னு சொல்றியே. என்னை உன்கூட இட்டுகினு போயிடுக்கா."

பாஞ்சாலி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர்கூட வரவில்லை. ஆனால் "இன்னிக்கே வேது போட்டுடலாம்" என்று அரங்கநாதன் சொன்னது காதில் விழுந்ததும் துள்ளி எழுந்தாள்.

"வேதா? வேணாம்ணா! அவருக்குச் சூடு ஆவாதுண்ணா! கால் வுட்டுப்போவும்... கண்ணு கூட..."

"வாதத்துக்குச் சூடு ஆவாதா? ஐஸ் வைக்கச் சொன்னாளா உங்க டாக்டரம்மா?" அரங்கநாதன் விட்ட அறையில் அவள் மல்லாட்டைச் செடி மேல் போய் விழுந்தாள். அவள் எடுத்த செல்போனைப் பிடுங்கித் துவைக்கிற கல்லில் அடித்தான். "உச்சி வெயில்ல, எங்க தகரக் கொட்டாயில கதவ மூடி வேது. சாயங்காலம் எழுந்து நிப்பான். நீ உங்கம்மா வூட்டப் பாத்துப் போய்ச் சேரு. திண்டிவனம் பக்கம் உன் தலை தெரிஞ்சிது, தொலைச்சுடுவேன்!"

பூவரசனைத் தூக்கிக் காரில் போட்டார்கள். கூறைப்புடவை இடுப்பில் கிடந்தபடியே அவனோடு போனது. கார் திரும்பும்போது அவன் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

தெருவில் கூட்டம் கூடியிருந்தது. ஒருத்தராவது ஏன் என்று கேட்டார்களா? கேட்கவில்லை. பாஞ்சாலி முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினாள்.

தான் போய்ச் சொன்னால் அடிப்பார்கள். ஜெசிந்தா மேடம் சொன்னால் கேட்பார்கள். உச்சி வேளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இதுதான் அவள் போட்ட கணக்கு. திண்டிவனத்தில் இறங்கி மாறினாள். கூட்டேரிப்பட்டு தாண்டி, விழுப்புரம் வரும் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.

ஜெசிந்தா ஒரு பெரியவரை இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே நடக்க வைத்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலியின் உதட்டையும் கழுத்தையும் பார்த்ததும் முகம் மாறியது.

"யாரு பண்ணது?"

"அத்த வுடுங்க மேடம்! வேது வைக்கப் போறாங்க... அவரு இட்டுகினு போவச் சொல்லிட்டாரு... மூடுன தகரக் கொட்டாயில..."

"ஐயோ! தகரக் கூரை கீழ, இந்தச் சித்திரை வெயில்லயா?" ஜெசிந்தா பெரியவரின் தோளை விடாமலே பேசினாள். "நான் இவர உக்கார வெச்சிட்டு, இவரு பையன் வந்ததும் பின்னாடியே வர்றேன். உன் நாத்தனார் நம்பரக் குடு, நான் பேசறேன். நீ நிக்காத, போ. வெளிய இழு. தண்ணி ஊத்து. உடம்பு குளிர்ந்தா தானா திரும்பும். உன்ன அடிச்சாக்கூடத் தண்ணிய நிறுத்தாத!"

பாஞ்சாலி மனப்பாடமாகச் சொன்ன நம்பருக்கு ஜெசிந்தா போன் பண்ணத்தான் செய்தாள். புனிதாவின் போனை அரங்கநாதன் எடுத்து, "எங்க வூட்டு விசயம், நீ யாரும்மா?" என்று கேட்டு வைத்துவிட்டான். அப்புறம் அணைத்தும் விட்டான்.

பாஞ்சாலி திண்டிவனத்து வீட்டை அடைந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. வாசல் கேட் சாத்தியிருந்தது. சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். அரிசி மூட்டை போடுகிற தகரக் கொட்டகையின் கதவு சாத்தி, வெளியே தாழ் போட்டுப் பூட்டியிருந்தது. கதவிடுக்கில் ஆவி கசிந்தது. நொச்சி வாடை மூக்கில் ஏறியது. வாசலில் முக்காலி போட்டு அரங்கநாதன் உட்கார்ந்திருந்தான். புனிதா கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து சத்தமே இல்லை. அதுதான் பாஞ்சாலியைக் கொன்றது. வலித்தால் கத்துகிறவன் அல்லவா அவன்!

"அண்ணி, கதவத் தொறங்க!"

"வந்துட்டியாடீ? பானை ஆறுற வரைக்கும் காத்துப் படக் கூடாது. போடீ அந்தாண்ட!"

"அவரு பேசறாரா அண்ணி? கூப்பிட்டுப் பாருங்க... ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க!"

"தூங்கறான்" என்றான் அரங்கநாதன்.

பாஞ்சாலி சுவரோரம் சாய்த்திருந்த கடப்பாரையைத் தூக்கினாள். அவளா அது! ஏழு வருஷமாக நாத்தனார் எதிரே உட்காராத பாஞ்சாலி கடப்பாரையை ஓங்கிக்கொண்டு வந்ததும் அரங்கநாதன் முக்காலியோடு புரண்டான். முதல் அடி கதவில். அடுத்த அடி தாழில். புனிதா இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். முழங்கையால் ஒரு இடி. புனிதா தரையில் விழுந்தாள். பூட்டோடு தாழ் பெயர்ந்து பறந்தது.

உள்ளே ஆவி. நாற்காலியில், கம்பளி போர்த்தியபடி, தலை தொங்கிக் கிடந்தான் பூவரசன். விழாமலிருக்க அவனை நாற்காலியோடு வைத்துக் கட்டியிருந்தார்கள். அவன் இடுப்பில் கிடந்த அதே கூறைப்புடவையால்! காலடியில் கொதிக்கிற பானை. அவன் வலது குதிகால் பானைச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது.

கம்பளியை வீசினாள். முடிச்சுகள் நனைந்து இறுகியிருந்தன. நகம் பெயர்ந்தது, அவிழவில்லை. கிழிந்த உதட்டோடு பல்லால் கடித்து அவிழ்த்தாள். அக்குளில் கைகொடுத்து அவனைத் தரதரவென்று வெளியே இழுத்து, கிணற்றடி மேடையில் போட்டு, மோட்டார் சுவிட்சைத் தட்டினாள். குழாய்த் தண்ணீர் அவன் தலையில் கொட்டியது.

"பாஞ்சாலி..." குரல் குழறியது. "கண்ணு தெரியல... பாஞ்சாலி, கண்ணு தெரியல எனக்கு... கால் இருக்குதா? என் கால் இருக்குதாடீ?"

"இருக்குதுங்க. நான் இருக்கறேன். மூச்ச வுடுங்க."

"பச்சத் தண்ணிய ஊத்திக் கொல்றா பாரு!" அரங்கநாதன் விறகுக்கட்டையோடு வந்தான். அவள் முதுகில் விழுந்தது முதல் அடி. குழாயை விடவில்லை. தோளில் விழுந்தது. ரவிக்கை கிழிந்தது. புருஷன் மேல் குனிந்துகொண்டாள். அடி அவள் மேல், தண்ணீர் அவன் மேல். 'நிறுத்தாத' என்று ஜெசிந்தா சொன்னது மட்டுமே அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் போனதோ! சவமாகக் கிடந்த அந்த வலது கால் திடீரென்று நடுங்கியது. முழங்கால் மடங்கியது. குளிர்ந்த தண்ணீர் பட்டுத் துள்ளிய கால், பாஞ்சாலியின் நெஞ்சில் ஓங்கி ஒரு உதை உதைத்தது.

பின்னால் போய் விழுந்தாள் பாஞ்சாலி. விழுந்தவள் சிரித்தாள்! ரத்தம் வழிகிற வாயோடு, தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, அழுதுகொண்டே சிரித்தாள்.

"உதைச்சிட்டாரு... அண்ணி, உதைச்சிட்டாரு! வந்துடுச்சு... கால் வந்துடுச்சு அண்ணி!"

புனிதா திகைத்து நின்றாள். அவள் பார்வை தம்பியின் காலில் இருந்தது. அது இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது, காற்றை, தண்ணீரை, யாரும் இல்லாத இடத்தை. அவன் முகத்தில் கோபமே இல்லை. அப்புறம் அவள் பார்வை பாஞ்சாலியின் கிழிந்த ரவிக்கைக்குப் போனது. தோளில், மார்பின் மேலே, பழைய தடம், புதுத் தடம், மஞ்சள், கறுப்பு, நீலம்... ஒவ்வொன்றும் குதிகால் அளவு.

"ஏன்டா உதைக்கிற அவள?" என்றாள் மெதுவாக.

"நான் உதைக்கலக்கா. அது தானா உதைக்கும்." பூவரசன் கண்களைக் கசக்கினான். மங்கலாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அவனுக்கு முதலில் தெரிந்தது பாஞ்சாலியின் முகம்தான். அதைப் பார்க்க மாட்டாமல் திரும்பிக்கொண்டான். "எல்லாம் தானா இல்லக்கா... பாதி நான் உதைச்சது. அவ என்னை அடிச்சதே இல்ல. விழாம புடிச்ச தடம்தான் என் கையில இருக்கறது. நான் பொய் சொன்னேன்... நடப்பேன்னு நீ சொன்னியா, அந்த ஆசையில பொய் சொல்லிட்டேன்!"

அரங்கநாதன் மறுபடி கட்டையை ஓங்கினான். "நடிக்கிறாங்க ரெண்டு பேரும்..."

புனிதா திரும்பிப் புருஷன் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கிக் கிணற்றில் எறிந்தாள். "இன்னொரு அடி அவ மேல வுழுந்துச்சு, நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

தம்பியைத் தூக்க அவன் காலைப் பிடித்தவள் அலறிக் கையை எடுத்தாள். குதிகாலில் தோல் வழன்று, அவள் கையோடு வந்தது. உள்ளே சிவப்புச் சதை.

"டேய்... வெந்து போயிருக்குதேடா! சுடலையாடா உனக்கு?"

"எங்கக்கா?" என்றான் பூவரசன். "எங்க சுடணும்?"

புனிதா அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து தலை தலையாக அடித்துக்கொண்டாள். கதவைப் பூட்டியது அவள் கை. கும்பிட்டுக்கொண்டு நின்றது அதே கை.

ஜெசிந்தா வந்து சேர்ந்தபோது அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளே கூட உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பார்வை அன்றே முழுசாகத் திரும்பியது. கால் பலமும் பழைய அளவுக்கு வந்தது. குதிகால் புண்தான் ஆறவில்லை, ஆற மாட்டேன் என்றது. ஊன்றக் கூடாது என்றார்கள். நடக்காமல் கிடந்த நாட்களில், பாடுபட்டுச் சேர்த்திருந்த பலத்தில் பாதி கரைந்தது.

பாஞ்சாலி அவன் பக்கத்திலேயே இருந்தாள். கட்டிலில் படுத்தபடியே செய்யக்கூடியதை எல்லாம் செய்ய வைத்தாள். ஆனால் அவனோடு பேசவில்லை. "வலது கால்... மடக்குங்க... போதும்." அவ்வளவுதான் பேச்சு. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். கையை இழுத்துக்கொண்டு அடுத்த காலைத் தூக்கினாள். உதைபட்டதெல்லாம் அவளுக்கு மறந்து போகும். அந்த 'சித்திரவதை' என்ற சொல் மறக்குமா?

புண் ஒருவழியாக ஆறி ஊருக்குத் திரும்பிய அன்று, துவைத்து மடித்த கூறைப்புடவையைக் கொண்டுவந்து, கூடவே வந்திருந்த புனிதாவின் மடியில் வைத்தாள் பாஞ்சாலி.

"அண்ணி, இந்தாங்க. கட்டறதுக்கு, புடிக்கிறதுக்கு எல்லாம் மேடம் உங்களுக்குச் சொல்லிக் குடுப்பாங்க. நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன். அன்னிக்கி நீங்க அவுக்கறேன்னு சொன்ன முடிச்சு இன்னும் என் கழுத்துலதான் இருக்குது. ஆனா அவரே என்னை வேணாம்னு சொல்லிட்டாரு, நான் இன்னாத்துக்கு அண்ணி இங்க?"

அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் புனிதாவால் தாங்க முடிந்திருக்கும்.

"அடியே... என்னைக் கொன்னுட்டுப் போடீ!" புனிதா அவள் காலில் விழப் போனாள். பாஞ்சாலி பதறித் தடுக்க, இருவரும் அப்படியே கட்டிக்கொண்டு தரையில் சரிந்தார்கள். "உன்ன அடிச்ச கை அழுகிப் போவட்டும்... கதவ ஒடச்சியே தாயி... நான் பூட்டுன கதவ நீ ஒடச்சியே... நீ இல்லன்னா என் தம்பி பொணமாடீ!"

"அக்கா, அவளப் புடிச்சு வைக்காத" என்றான் கட்டிலில் இருந்த பூவரசன். "போவணும்னா போவட்டும். அவ போற பஸ்ஸ நான் நின்னு பாக்கணும். பஸ் நிக்கிற எடம் வரைக்கும் என்னை நடத்தி இட்டுகினு போ. கொல்லையில வேணாம். தெருவுல. அவ என்னை எப்படி நடக்க வெச்சான்னு ஊர் பாக்கட்டும்."

பாஞ்சாலி தலை நிமிர்ந்தாள். இத்தனை மாதமாகக் கொல்லைச் சுவரைத் தாண்டி யார் கண்ணிலும் படக் கூடாது என்று அடம் பிடித்தவன் இவன்தான். அந்த மறைப்பில்தான் இத்தனை பொய்யும் முளைத்தது. கட்டி வைத்திருந்த பையைச் சுவரோரம் வைத்தாள்.

மறுநாள் விடிகிற நேரத்தில், ஈரத்துண்டு கழுத்தில் சுற்றி, வாசற்படியில் நின்றான் பூவரசன். புனிதா கூறைப்புடவையைப் பட்டையாக மடித்து அவன் இடுப்பில் சுற்றினாள். ஒரு முடிச்சு போட்டாள். இரண்டாவதும் போட்டாள்.

"இறுக்கமா இருக்குதா பாஞ்சாலி?"

"ஒரு விரல் போவணும் அண்ணி... ம், சரியா இருக்குது."

ஒரு முனை பாஞ்சாலி கையில், மறுமுனை புனிதா கையில். தெருவில் கதவுகள் திறந்தன. பக்கத்து வீட்டுத் தாண்டவராயன் பல் துலக்கிக்கொண்டே சிரித்தான்.

"இன்னா பூவரசு, மாட்டக் கட்டி ஓட்டறாங்களா?"

"ஆமாண்டா" என்றான் பூவரசன், மூச்சு வாங்க. "ஓட்டச் சொன்னதே மாடுதான். நவுரு, வழி வுடு!"

தாண்டவராயன் துப்பவும் மறந்து ஒதுங்கினான். மின்கம்பம் வரைக்கும் போனார்கள். அங்கே பூவரசனின் கால் ஆட ஆரம்பித்தது.

"பாஞ்சாலி, நான் பழையபடி நடப்பனா?"

தெருவே காது கொடுத்தது.

"தெரியாதுங்க" என்றாள் பாஞ்சாலி.

அவன் தலையாட்டினான். "சரி. நாளைக்கும் கேப்பேன். நாளைக்கும் இதையே சொல்லு. ஆனா நீ சொல்லு... நீ இருந்து சொல்லு" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். பாஞ்சாலிக்கும் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்தது. அவன் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டு, ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.

"போதும், ரெண்டு பேரும் அழுதது!" புனிதா மூக்கை உறிஞ்சினாள். பக்கத்துத் திண்ணையிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுத் தம்பியை உட்கார வைத்தாள். "களைச்சுப் போறதுக்கு முன்னாடி நிறுத்தணும்னு மேடம் சொல்லியிருக்குது. பாஞ்சாலி, அந்த முனையையும் என் கையில குடு."

"நான் புடிச்சிக்கறேன் அண்ணி."

"குடுன்றேன்ல! நான் போட்ட முடிச்சு, நான் பாத்துக்கறேன். நீ வூட்டுக்குப் போ. கேப்பைக்கூழ் கரைச்சு வெச்சிருக்கறேன். மொதல்ல நீ குடி. அப்புறம் அவனுக்குக் குடுக்கலாம்."

பாஞ்சாலி வீட்டுக்குள் போனாள். அடுப்படியில் சொம்பு நிறையக் கூழும், பக்கத்தில் கடித்துக்கொள்ள வெங்காயமும் வைத்திருந்தது. அவள் கட்டி வைத்த பை சுவரோரம் அப்படியே இருந்தது. அதைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவனுக்கு முன்னால் தான் முதலில் குடித்தாள்.